ஓடை கேட்கவில்லை

ஆகஸ்ட் 1
மழை விடவில்லை. வலது காது மெஷின் காலையிலிருந்து கீச்சென்று கத்தியது. "ஒண்ணு குக்கரை இறக்குங்க, இல்லேன்னா காதை இறக்குங்க" என்றாள் என் மனைவி போஜம்மா. காதுக்குள் பொருந்தும் அச்சை அழுத்தி உட்கார வைத்ததும் நின்றது. இடதில் வேறு கோளாறு. பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது. குழாய்க்குள் நீர்த்துளி. ஊதி எடுத்தேன். மெஷினை உலர்த்தும் டப்பாவின் நீல மணிகள் ஈரம் குடித்து வெளுத்துவிட்டன, வாணலியில் வறுத்தேன். "இனி அந்த வாணலில உங்களுக்கு நீங்களே தாளிச்சுக்குங்க."

ஆகஸ்ட் 3
கக்கட மாதம் பதினெட்டு, மருந்துத் தழையில் பாயசம் வைக்கும் நாள். அதற்குக் கீழ்வீட்டு நஞ்சப்பா வந்தான், என் சித்தப்பா மகன். காபிச் சரிவில் நிலம் வெடித்திருக்கிறதாம். கால் நுழைகிற அகலம்.
"மண்ணைப் போட்டு மூடிட்டேன் பெல்லியண்ணா."
"மூடினா ஆச்சா?"
"மழைன்னா மண்ணு விரியத்தானே செய்யும்!"
மெஷினில் சத்தத்தை ஏற்றி வைத்தால் அவன் பேச்சைவிடக் கொல்லைப்புற ஓடைதான் பெரிதாகக் கேட்கிறது. பாதிப் பேச்சு புரியவில்லை.

ஆகஸ்ட் 5
குளியலறைக் கதவு சாத்த வரவில்லை. மரம் ஊறியிருக்கும். ஆனால் சுவரில் அந்தக் கீறல்?

ஆகஸ்ட் 7
கரண்ட் இல்லை. மடிக்கேரி சாலை அடைபட்டுவிட்டது. பேட்டரி கடைசி அட்டை.

ஆகஸ்ட் 8, காலை
எழுந்து மெஷினை மாட்டினால் ஓடை இல்லை. பேட்டரி மாற்றினேன். அழுக்கைத் தட்டினேன். உள்ளங்கையில் பொத்திப் பார்த்தேன், இரண்டும் கத்துகின்றன. உயிர் இருக்கிறது. பிறகு ஏன்?
"நான் பேசறது கேக்குதா?"
"கேக்குது."
"கரண்டி?"
"கேக்குது. ஓடைதான் கேக்கலை."
போஜம்மா கரண்டியை வைத்தாள். "எனக்கும்தான் கேக்கலை" என்றாள்.
கொல்லைக்குப் போனோம். வெறும் கல்லும் சேறும். மழை கொட்டுகிறது, ஓடையில் தண்ணீர் இல்லை. மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது. அது உடைந்தால் — எழுத நேரமில்லை.

ஆகஸ்ட் 10, பள்ளிக்கூட முகாம்
அன்று நேரே நஞ்சப்பா வீட்டுக்கு ஓடினோம். சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.
"பட்டாளத்துப் பீரங்கிச் சத்தத்துல போன காது. அது சொல்லுதுன்னு வீட்டை விட்டு வரணுமா?"
"காது சொல்லலைடா, ஓடையைப் போய்ப் பாரு!"
"தண்ணி குறைஞ்சா நல்லதுதானே?"
அவன் மனைவி சோந்தம்மா மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அதைப் பார்த்துத்தான் அவன் முகம் மாறியது. "சரி, முன்னாடி போங்க. மாட்டை அவுத்துவிட்டுட்டு வர்றேன்."
பெண்கள் முன்னால் போனார்கள். கடைசியாக நான். நனைந்தால் மெஷின் பாழாகிவிடும் என்று இரண்டையும் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.
பாலத்தைத் தாண்டியதும் காலடியில் தரை அதிர்ந்தது. திரும்பினேன். நஞ்சப்பா வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல். எங்கள் வீடும் இல்லை.

ஆகஸ்ட் 12
நஞ்சப்பாவின் உடலை எடுத்துவிட்டார்கள். மாட்டுக் கொட்டிலில் இல்லை, பாலத்தை நெருங்கி, நாங்கள் வந்த பாதையில் கிடந்திருக்கிறான். பின்னாலேயே வந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 13
கஞ்சித் தட்டோடு சோந்தம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"பெல்லியண்ணா, நீங்கதானே கடைசியா வந்தீங்க. அவர் கூப்பிட்டாரா?"
போஜம்மா என் காது மெஷினைப் பார்த்தாள்.
"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.
"அப்ப கூப்பிட்டிருக்க மாட்டார்" என்று சொல்லி அவள் சாப்பிடத் தொடங்கினாள்.