பிரிசியின் டிக்கெட்

கொட்டச்சேடு
16.2.2025

அடியே பிரிசி,

நான் நன்றாக இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிஸ்டர் சாந்தாமேரிக்கு என் வணக்கம். சிஸ்டர், கெட்ட வார்த்தை எதுவும் எழுதவில்லை, தைரியமாக அவளிடம் கொடுக்கலாம்.

இந்தக் காலத்தில் தபால்தலை வாங்க ஏற்காடு வரைக்கும் பஸ் ஏறுகிற பெண் நான் ஒருத்திதான். போஸ்ட் ஆபீஸ் அக்கா, "யாருக்குங்க கண்ணு, லவ்வருக்குங்களா?" என்று கேட்கிறது. போன் தொடக்கூடாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்கிறாளே ஒருத்தி, அவளுக்கு என்றேன். அக்கா முகம் தொங்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொள். கொண்டை ஊசி நம் மலைக்கு வருகிறார்கள்.

ஆமாம், நம் கொண்டை ஊசிதான். சேலத்துப் பையன்கள் நாலு பேர், இரண்டு கிட்டார், ஒரு டிரம், ஒரு கீபோர்டு. சினிமாவில் பாடாதவர்கள், டிவியில் வராதவர்கள். இந்த மலையில் நம் இருவரைத் தவிர யாருக்கும் அவர்களைத் தெரியாது. காலேஜ் போகிற பஸ்ஸில், மலை இறங்கிக் குப்பனூர் வரும் வரைக்கும், இயர்போனில் உன் வலது காதில் ஒன்று, என் இடது காதில் ஒன்று மாட்டிக்கொண்டு கேட்டோமே, அவர்களேதான். சேலத்தில் முதல்முறை கச்சேரி வைத்தபோது உனக்குக் காய்ச்சல். நீ இல்லாமல் போகமாட்டேன் என்று நானும் உன் கட்டில் ஓரம் உட்கார்ந்து சுக்குத் தண்ணி குடித்தேன். பார்த்தால் சேர்ந்துதான் பார்ப்பது என்று அன்றைக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

மே பதினேழு, சனிக்கிழமை. எங்கே தெரியுமா? நம் அம்மாக்கள் காப்பி காயவைத்த அந்தப் பழைய களத்தில் மேடை போடுகிறார்களாம். கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று உன் அம்மா சொன்னார்கள். அதுவும் மே மாதம்தான். இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

வருவாய்தானே?

உன்
சுதாராணி

*

திண்டுக்கல்
9.3.2025

அன்பு சுதாவுக்கு,

உன் கடிதத்தை வாங்கியதும் கிணற்றடிக்குப் போய்ப் படித்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாளியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

சிஸ்டர் சாந்தாமேரி உன் கடிதங்களைப் பிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இப்போது, "உன் சினேகிதி என்ன எழுதியிருக்கா, வாசிச்சுக் காட்டு" என்று தானே வந்து கேட்கிறார்கள். உன் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். தபால் வரத் தாமதமானால் என்னைவிட அவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

இங்கே வெயில். போர்வை எதற்கு என்றே மறந்துபோயிற்று. மாடு, தோட்டம், சமையல், ஜெபம். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்று கண்டுபிடித்து, பூசையில் பாட்டு நடத்தும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு சங்கதி நடந்தது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது என்னை அறியாமல் கொண்டை ஊசியின் 'நிறுத்தம்' பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். கூட இருந்த பெண்கள், "இது என்ன பாட்டு, நல்லா இருக்கே, எங்களுக்கும் சொல்லிக்கொடு" என்றார்கள். கச்சேரிப் பாட்டை மடத்தில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ராகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறு வரிகள் எழுதினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு அதுதான். பங்குச் சாமியார்கூடத் தலையாட்டுகிறார். இது பாவமா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் தைரியமில்லை.

வரிகளை எழுதமாட்டேன். நேரில் வரும்போது பாடிக் காட்டுகிறேன்.

வருவேன் சுதா. பதினேழாம் தேதி நான் வீட்டில்தான் இருப்பேன். அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வை.

அன்புடன்
பிரிஸ்கில்லா

*

கொட்டச்சேடு
30.3.2025

பிரிசிக் கண்ணு,

காணிக்கைப் பாட்டு கதையைப் படித்துவிட்டு ஓட்டலில் வேலை நேரத்தில், ரிசப்ஷனில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அறை கேட்டு வந்த தம்பதி பயந்துபோய் வேறு ஓட்டல் பார்க்கப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக் கதை ஒன்று. வாழவந்தியிலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தார், பெயர் மாதேஷ். நல்ல மனிதர், நல்ல பல்வரிசை. என்ன பாட்டு கேட்பீர்கள் என்றேன். "எது வந்தாலும் கேப்பேனுங்க" என்றார். அவரோடு எப்படி நான் குப்பனூர் வரைக்கும் பஸ்ஸில் போவேன், நீயே சொல். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்திருக்கிறோம். அம்மா என்னிடம் பேசுவதில்லை.

கச்சேரி அன்றைக்குச் சாயங்காலம் வண்டியில் வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். உன் பழைய நீல ஸ்வெட்டர் என்னிடம்தான் இருக்கிறது, எடுத்துவருகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மறைக்கத் தெரியாது. நீ போனதிலிருந்து அந்தப் பஸ்ஸில் என் பக்கத்து இடத்தில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது. 'நிறுத்தம்' பாட்டை நேரில், என் பக்கத்தில் நின்று கேட்டால், நீ திரும்பிப் போகமாட்டாய் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் கூப்பிடுகிறேன். பாட்டுக்காக மட்டும் இல்லை. சிஸ்டருக்கு இந்தப் பகுதியையும் வாசித்துக் காட்டு, எனக்குப் பயமில்லை.

உன்
சுதா

*

திண்டுக்கல்
26.4.2025

அன்பு சுதாவுக்கு,

ஈஸ்டருக்கு அம்மா வந்து போனார்கள். உனக்கும் சேர்த்து முறுக்கு கொடுத்தனுப்பினேன், கிடைத்திருக்கும்.

நான் வீட்டுக்கு வரவில்லை. இந்த முறை விடுமுறை இல்லை என்று ஆகிவிட்டது. ஏன் என்று கேட்காதே. ஜூன் இருபத்தொன்றில் வார்த்தைப்பாடு.

நீ போய் வா. என் டிக்கெட்டை வீணாக்காமல் யாருக்காவது கொடு. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று ஒன்று விடாமல் எழுது. கோபத்தில் எழுதாமல் இருந்துவிடாதே.

பிரிஸ்கில்லா

*

கொட்டச்சேடு
19.5.2025

பிரிசி,

கோபத்தில் எழுதாமல்தான் இருந்தேன். மூன்று வாரமாகச் சிஸ்டர் சாந்தாமேரி தபாலுக்குக் காத்திருப்பார்களே என்று மட்டும் பாவமாக இருந்தது.

உன் டிக்கெட்டை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. உன் இடம் காலியாகவே இருக்கட்டும், எனக்கு இரண்டு பக்கமும் குளிரட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் உன் அம்மா வந்து வாசலில் நின்றார்கள். கையில் குடை, தலையில் துண்டு, மேலே உன் அப்பாவின் ஸ்வெட்டர். "எம் பொண்ணு டிக்கெட்டு எதுக்குக் கண்ணு வீணாப் போகோணும்? நான் வர்றேன்" என்றார்கள். ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம், "நொம்ப வேகமாப் போகாதே சாமி" என்று என் இடுப்பைக் கிள்ளிக்கொண்டே வந்தார்கள்.

களம் முழுக்கப் பெங்களூர்ப் பிள்ளைகள், கம்பளித் தொப்பியும் பெரிய பூட்ஸுமாக. இந்த மலைக்காரர்கள் என்று பார்த்தால் நாங்கள் இருவர், வாட்ச்மேன் செல்லப்பன் அண்ணன் ஒருவர். களத்தின் ஓரத்துக்கு வந்ததும் உன் அம்மா செருப்பைக் கழற்றி வைத்தார்கள். நானும் தன்னால் கழற்றினேன். சின்ன வயசில் செருப்போடு களத்தில் ஏறி வாங்கிய அடி கால்களுக்கு மறக்கவில்லை. அதோடு விட்டார்களா? முன்னால் நின்ற ஒரு தாடிப் பையனைத் தொட்டு, "களத்துல செருப்போட ஏறுவாங்களா சாமி? காப்பி காயற எடமல்ல" என்றார்கள். மே மாதத்தில் ஏது காப்பி? ஆனால் அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பூட்ஸைக் கழற்றினான். அவனைப் பார்த்து அவன் சினேகிதர்களும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள். கச்சேரியில் அது ஒரு வழக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நீ கேட்டபடி வரிசை. முதலில் 'எட்டரை பஸ்'. டிரம் விழுந்ததும் உன் அம்மா இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார்கள். எனக்கோ அந்தச் சத்தம் வெறுங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்துவிட்டது. போனில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை பிரிசி. அடுத்து 'மிளகுக் கொடி', அடுத்து நமக்குப் பிடிக்காத அந்த இங்கிலீஷ் பாட்டு. அது முடிவதற்குள் உன் அம்மா விரலை எடுத்துவிட்டார்கள். 'சீட்டு' பாடும்போது தாளம் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் மேகம் இறங்கிவிட்டது. மேடை தெரியவில்லை, பாடுகிறவன் தெரியவில்லை, சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பெங்களூர்ப் பிள்ளைகள் கத்தினார்கள். நான் பக்கத்தில் நீ நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அந்த மூட்டத்தில் அது சுலபமாக இருந்தது.

கடைசியில் 'நிறுத்தம்'. கிட்டார் ஆரம்பித்ததுமே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுவதற்கு வசதியாகத் துண்டுகூட எடுத்துப் போயிருந்தேன். அப்போது உன் அம்மா என் கையைப் பிடித்து, "ஏங்கண்ணு, இது நம்ம பிரிசி மடத்துப் பாட்டல்ல? இவங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?" என்றார்கள். ஈஸ்டர் பூசையில் கேட்டுப் பாடமாக்கி வந்திருக்கிறார்கள். நான் விளக்குவதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. தெரியும்தானே, டிரம் எல்லாம் நின்று, கூட்டத்தைப் பாடவிடுகிற இடம். கூட்டம் பாடியது:

நீ இறங்கிய நிறுத்தத்தில்
யாரும் நிற்கவில்லை
மழை நின்ற பிறகும்
நான் இறங்கவில்லை

உன் அம்மாவும் பாடினார்கள். மாதா கோயிலில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய குரல், உனக்குத் தெரியாததா. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை வந்தபோது களத்தில் உன் அம்மா குரல் மட்டும்தான் இருந்தது:

நான் இறங்கிய நிறுத்தத்தில்
நீர் நின்றிருந்தீர்
மழை நின்ற பிறகும்
குடை மடக்கவில்லை

மேடையில் கிட்டார்க்காரன் மெதுவாக அவர்களுக்குத் தகுந்தாற்போல வாசித்தான். முடிந்ததும், "யாருங்க அது? இன்னொரு தடவை பாடுங்க" என்று மைக்கில் கேட்டான். உன் அம்மா வெட்கப்பட்டுத் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். நான் அழவில்லை. துண்டு அப்படியே மடித்தபடி இருந்தது.

நீ எழுதிய வரிகளை அப்படித்தான் கேட்டேன். நீ பாடிக் கேட்டிருக்க வேண்டியது.

களத்தின் ஓரத்தில் செருப்பைத் தேடும்போது உன் அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். "லீவு குடுத்தாங்க கண்ணு. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சிஸ்டரே சொன்னாங்க. அவதான் வேண்டாமுன்னுட்டா. சுதாவப் பாத்தா என்னால திரும்பி வர முடியாதும்மான்னு எம் மடியில படுத்து அழுதா."

எனக்குக் கோபம் வந்தது. வந்ததை மறைக்கவில்லை. ஒரு செருப்பு கிடைத்து, இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் இருந்தது. அப்புறம் யோசித்தேன். உனக்கு நான் ஒன்றுமில்லாதவளாக இருந்தால் நீ பயமில்லாமல் வந்து, பாட்டுக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பிப் போயிருப்பாய். நீ பயந்தாயே, எனக்கு அது போதும். இத்தனை வருஷம் அந்தப் பஸ்ஸில் நான் தனியாகப் பயணம் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நீ இறங்கிய இடத்தில் குடையோடு ஒருவர் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன எழுதினாலும் அதற்குமேல் வராது. இனி வா என்று எழுதமாட்டேன்.

சுதா

*

திண்டுக்கல்
1.6.2025

என் சுதாவுக்கு,

நீ எழுதியதைச் சிஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். செருப்புக் கதை வரைக்கும் சிரித்தார்கள். அதற்குமேல் எனக்கு வாசிக்க வரவில்லை. அவர்களே கடிதத்தை வாங்கி, மடித்து, திரும்ப என் கையில் வைத்தார்கள். ராகம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றார்கள்.

அம்மா சொன்னதெல்லாம் உண்மை. விடுமுறை இல்லை என்று ஆகிவிட்டது என்று உனக்கு எழுதியபோது பேனா நகரவே இல்லை. நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் சுதா, அதுவும் உண்மை. இரண்டும் எனக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, சண்டை போடுவதில்லை. ஆனால் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் என் தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, நீ உட்காரும் பக்கமாக.

இருபத்தொன்றாம் தேதி காலையில் பூசை. அம்மாவோடு வா. காணிக்கைக்கு அந்தப் பாட்டுதான். அன்றைக்கு நான் கிட்டார் வாசிக்க முடியாது, பீடத்தின் முன்னால் நிற்க வேண்டும். எந்த வரியைப் பாடுவாய் என்று கேட்கமாட்டேன். நீ இருந்தால் போதும்.

நீல ஸ்வெட்டரை நீயே வைத்துக்கொள். இங்கே குளிர் இல்லை.

பிரிசி

*

கொட்டச்சேடு
10.6.2025

அன்பு பிரிசிக்கு,

இனிமேல் உறையின்மேல் சிஸ்டர் என்று போட வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறார்கள். அதனால் இந்தக் கடிதத்தில் உன் பெயரை, மேலே எழுதியதையும் சேர்த்து, நாலு தடவை எழுதிக்கொள்கிறேன். பிரிசி, பிரிசி, பிரிசி.

இருபதாம் தேதி சாயங்காலம் கிளம்புகிறோம். உன் அம்மா இப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டார்கள். நடுவில் ஒருநாள் மாதேஷ் போன் செய்தார், கச்சேரியைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். அந்தக் கச்சேரிப் பாட்டை எங்கே கேட்கலாம் என்று விசாரித்தார். அனுப்பிவைத்தேன். பிடித்ததா என்று இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் வரிகளை உன் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஓட்டலில் ஆள் இல்லாத நேரத்தில் பாடிப் பார்க்கிறேன். மூன்று வரி ஒழுங்காக வருகிறது. நாலாவது வரியில் வாய் பழைய 'நான் இறங்கவில்லை'க்கே போய்விடுகிறது. எத்தனை தடவை பாடினாலும் அப்படித்தான்.

அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நீ பீடத்தின் முன்னால் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒருத்தி கடைசி வரியை மட்டும் தப்பாகப் பாடுவது கேட்கும். நீ திரும்பிப் பார்க்காதே. அது நான்தான்.

சுதா