இன்றைக்கு ஓடுகிறது

மார்ச் 4, புதன்

இன்றும் ஐந்தரைக்குப் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கணினித் திரையில் இருக்கும் வேலைப் பலகையைச் சொல்கிறேன். செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று பத்தி. பழுது என்று அழைப்பு வந்த ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஓர் அட்டை. மெக்கானிக்குகள் போனில் சொல்லச் சொல்ல நான் அட்டையை நகர்த்துவேன். மாலையில் முதல் இரண்டு பத்தியும் காலியாகிவிட்டால், அடுப்பு மேடையைக் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்ட மாதிரி ஒரு நிம்மதி. எங்கள் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியை நடத்துகிற மேடம் காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பார். "பளிச்சுன்னு இருக்கு" என்பார். பதினோரு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேலை செய்கிறேனோ?

மற்றதெல்லாம் – எந்த வாட்ச்மேனிடம் சாவி இருக்கும், எந்தச் செயலாளருக்கு மூக்கின் மேல் கோபம் – என் போனில் குறிப்புகளாக இருக்கிறது. வீட்டு விஷயங்கள் ஃப்ரிட்ஜ் கதவில், சீட்டுகளாக. கைப்பையில் இன்னொரு பட்டியல். இவர் இன்று ஃப்ரிட்ஜைத் திறக்கப்போய் நாலு சீட்டு கீழே விழுந்தது. "உன் மண்டைக்கு மொத்தம் எத்தனை கிளை ஆபீஸ்?" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் உறைத்தது.

மார்ச் 9, திங்கள்

எட்டு மாடிக் கட்டடத்தில் காலை ஏழு மணிக்கு லிஃப்ட் நின்றுவிட்டது. ஆறாம் மாடியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஒரு வருடம் கழித்து இன்றுதான் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேரும் நாளாம். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் பை. லிஃப்ட் கதவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னான்.

நாலாம் மாடிக் கதவுப் பூட்டின் கான்டாக்ட் தேய்ந்து போயிருக்கிறது. அது சரியாகத் தொடாவிட்டால் லிஃப்ட் நகராது. புதியது வர இரண்டு நாளாகும்.

பலகையில் அந்தக் கட்டடத்தின் அட்டையைத் தேடினேன். பிப்ரவரி 27, மூத்த மெக்கானிக். முடிந்தது.

மார்ச் 10, செவ்வாய்

மேடம் அறையில் மூன்று பேர். மேடம், மூத்த மெக்கானிக் அண்ணன், நான். திரையில் அந்த அட்டை.

"முடிஞ்சுதுன்னு இருக்கே. பத்தே நாள்ல எப்படி நின்னுச்சு?"

"அது தற்காலிகம்தான் மேடம். தேய்ச்சு விட்டிருக்கேன், புதுசு ஆர்டர் போடுங்கன்னு அன்னிக்கே தங்கச்சிகிட்ட போன்ல சொன்னேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். போனை எடுத்துக் கட்டடத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. "எங்கிட்ட சொன்ன மாதிரி இல்லையேண்ணே" என்றேன்.

இந்த மாதக் கடைசி வரை ஸ்டோரில் இருங்கள், பிறகு பார்க்கலாம் என்று மேடம் அண்ணனிடம் சொன்னார். இருபத்தாறு வருடம் லிஃப்டோடு வாழ்ந்த மனிதர். தலையை ஆட்டிவிட்டு, கருவிப் பையை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

லிஃப்ட் நேற்று சரியாகிவிட்டது. இன்று மாலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகத்தான் போனேன்.

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். இன்றுதான் முதல் நாள் போய்விட்டு வந்திருக்கிறார். "பசங்க என்னைப் பாத்து அழுவாங்கன்னு நினைச்சேங்க. 'டீச்சர், இந்த வண்டி எவ்வளவு ஸ்பீடு போகும்'னு கேட்டான் ஒருத்தன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் ஏதோ தடுமாறினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"மன்னிப்பு எல்லாம் வேணாங்க. அதை வெச்சு நான் கீழ இறங்க முடியாது. நான் போன் பண்றப்பல்லாம் ஒரு ஆள் 'முடிஞ்சுது'ங்கறார், இன்னொரு ஆள் 'பாக்கி இருக்கு'ங்கறார். ரெண்டு பேரும் ஒரே நோட்டைப் பாத்துப் பேசுங்க. அது போதும் எனக்கு."

மாடிப்படியில்தான் இறங்கி வந்தேன். லிஃப்டில் ஏற மனம் வரவில்லை. ஆறு மாடியும் அந்த வாக்கியம் கூடவே வந்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். வேலை கொடுத்து அனுப்பினார். அதற்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை, பார்.

மார்ச் 13, வெள்ளி

மேடத்திடம் கேட்டுவிட்டேன். பலகையும் குறிப்புகளும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி ஒரு மென்பொருள் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்திலேயே அட்டை, அதன் கீழேயே போனில் சொன்னது, பார்த்தது, வாங்க வேண்டியது, எல்லாம் தேதி வரிசையில். யார் திறந்தாலும் ஒன்றையேதான் பார்ப்பார்கள். "பழசை எல்லாம் யார் ஏத்தறது?" என்றார். நான்தான், வேறு யார்?

இவருக்கு ஒரே குஷி. "கிளை எல்லாத்தையும் மூடிட்டு ஹெட் ஆபீஸ் திறக்கறியாக்கும். ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிடு."

மார்ச் 17, செவ்வாய்

போனில் ஆயிரத்துச் சொச்சம் குறிப்புகள். ஒவ்வொன்றாகப் படித்து அதனதன் கட்டடத்தின் பக்கத்தில் சேர்க்கிறேன். நான்கு வருடத்து என் மூளையை உதறிக் கொடியில் காயப்போடுவது போல இருக்கிறது. "வாட்ச்மேனுக்கு இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசு." "செயலாளர் பதினோரு மணிக்கு முன் மனிதரில்லை." இதையெல்லாம் நானா எழுதினேன்?

எவ்வளவு பேர் எனக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. பாதிக் குறிப்புக்கு மேல் "அண்ணன் சொன்னது" என்றுதான் ஆரம்பிக்கிறது. அண்ணன் சொன்னது: மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் பார். அண்ணன் சொன்னது: சத்தம் மேலே கேட்டால் கோளாறு கீழே இருக்கலாம்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. "அண்ணன் 'முடிஞ்சுது' என்றால் முக்கால் முடிந்தது என்று அர்த்தம்." இரண்டு வருடத்துக்கு முந்தையது. எரிச்சலில் எழுதியிருப்பேன். படிக்கும்போது, ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று ஒரு திருப்தி வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

மார்ச் 19, வியாழன்

இன்று நாற்பது கட்டடம். கண் எரிகிறது. கருவிப் பை இன்னும் என் மேசை மேல்.

மார்ச் 20, வெள்ளி

எந்தக் கட்டடத்திலும் சேராத குறிப்புகள் கடைசியில் மிஞ்சின. பெரும்பாலும் வீட்டுச் சாமான். அழித்துக்கொண்டே வந்தேன். அதில் ஒன்று:

பல்பு 2
துணி சோப்பு
உப்பு
நாலாம் மாடிக் கதவு. தேய்த்து விட்டது. ஒரு வாரம் தாங்கும். புதுசு ஆர்டர்
தீப்பெட்டி

பிப்ரவரி 27, மாலை 5.22.

பலகையில் அந்த அட்டை எப்போது நகர்ந்தது என்று பார்த்தேன். அதே நாள், 5.31. நகர்த்தியது நான்.

அவர் சொல்லியிருக்கிறார். வரி வரியாகச் சொல்லியிருக்கிறார். நான் அப்போது கையில் திறந்திருந்த கடைச் சீட்டில் எழுதிவிட்டு, ஒன்பது நிமிடம் கழித்துப் பலகையைத் துடைத்துவிட்டு, பல்பு வாங்கப் போயிருக்கிறேன். பல்பு வாங்கினேன். அது ஞாபகம் இருக்கு. உப்பு வாங்கினது ஞாபகம் இருக்கு. அய்யோ, அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரே.

இது கடைச் சீட்டு. சொந்தக் குறிப்பு. மற்றதை அழித்த மாதிரி இதையும் அழித்தால் கேட்க ஒருவரும் இல்லை. கட்டைவிரல் அந்தப் பொத்தானின் மேலேயே எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை.

அழிக்கவில்லை. சேர்க்கவும் இல்லை. போனை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

காலையில் இவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு டீ போட எழுந்து போனார். என்ன, ஒன்றும் சொல்ல மாட்டீர்களா என்றேன்.

"நீ என்ன பண்ணப்போறேன்னு எனக்குத் தெரியும். உனக்குத்தான் இன்னும் தெரியலை. தெரியற வரைக்கும் டீ குடி."

இப்படி ஒருவர் வீட்டில் இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? சர்க்கரை போட மறந்துவிட்டார். சொல்லாமல் குடித்தேன்.

மார்ச் 23, திங்கள்

சேர்த்துவிட்டேன். பல்பு, சோப்பு, உப்பு, தீப்பெட்டி எதையும் வெட்டவில்லை. எட்டு மாடிக் கட்டடத்தின் பக்கத்தில், பிப்ரவரி 27 தேதிக்குக் கீழே. பிறகு மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டு முறை படித்தார். "தீப்பெட்டி வாங்கினீங்களா?" என்றார்.

"வாங்கினேன் மேடம்."

"ம்." பலகையைத் திறந்து பார்த்தார். "தினம் பலகை பளிச்சுன்னு இருக்கணும்னு கேட்டது நானும்தானே... சரி. அவர்கிட்ட நான் பேசறேன். ஆனா முதல்ல நீங்க போய்ச் சொல்லுங்க."

ஸ்டோரில் அண்ணன் போல்ட்டுகளை அளவு வாரியாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். கருவிப் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தயார் செய்து வைத்திருந்த பேச்சு பாதியிலேயே உடைந்துவிட்டது. "நீங்க சொன்னீங்கண்ணே. நான்தான் – நான் உப்புக்குக் கீழ எழுதிட்டேன்."

"எதுக்குக் கீழ?"

போனைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிவிட்டேன். சிரிப்பு.

"பதிமூணு நாளா எம்மேலயே எனக்கு சந்தேகம்மா. சொன்னோமா, சொன்னதா நினைச்சுக்கிட்டோமான்னு. வயசாகுதோன்னு பயந்தே போயிட்டேன்."

"என்மேல கோபம் வரலையாண்ணே?"

"வந்துச்சு. ஆனா நீ பொய் சொல்லலை, அது எனக்குத் தெரியும். பொய் சொல்றவ என் முகத்தைப் பாத்திருக்க மாட்டா." பையை வாங்கித் திறந்து ஒவ்வொரு கருவியாகத் தொட்டுப் பார்த்தார். "ஸ்பேனர் எல்லாம் இருக்கு. நீ ஒண்ணும் கடைக்கு எடுத்துட்டுப் போகலையே?"

மார்ச் 24, செவ்வாய்

புதிய இடம் இன்று எல்லோருக்கும் திறந்தாயிற்று. மெக்கானிக்குகள் ஆறு பேரும் போனில் பார்க்கலாம், எழுதலாம். பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து அழைப்பு. லிஃப்ட் இயந்திர அறையிலிருந்து. பின்னால் மோட்டார் சத்தம், எனக்கு இனிமையாக இருந்தது.

"ஏம்மா, முக்கால்னு எழுதியிருக்கியே?"

அந்தக் குறிப்பு! மற்றதோடு அதுவும் ஏறியிருக்கிறது, எடுக்கவே மறந்துபோனேன். இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காத, இருக்கட்டும். அரைன்னு எழுதாம விட்டியே, அதுவே பெருசு." சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வந்தார். "ஆனா ஒண்ணு சொல்லட்டா? எந்த லிஃப்டும் முழுசா முடியாதும்மா. இன்னைக்கு ஓடுது. அவ்வளவுதான் நம்மளால சொல்ல முடியும். அதுக்கு உன் பலகையில இடம் இல்லை. அதான் நானும் முடிஞ்சுதுன்னு சொல்லித் தொலைக்கறேன்."

மார்ச் 25, புதன்

நான்காவது பத்தி ஒன்று சேர்த்தேன். நடக்கிறது என்பதற்கும் முடிந்தது என்பதற்கும் நடுவில். பெயர்: 'இன்றைக்கு ஓடுகிறது'. எட்டு மாடிக் கட்டடத்தின் அட்டையை முடிந்ததிலிருந்து எடுத்து அதில் வைத்தேன். அண்ணன் உடனே கீழே எழுதினார்: "நாலாவது மாடி மட்டும்தான் புதுசு. மத்த ஏழும் அதே வயசு. மாத்தணும்." அவர் போனில் தட்டச்சு செய்த முதல் குறிப்பு. மேடம் ஏழுக்கும் ஆர்டர் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஐந்தரைக்கு 'இன்றைக்கு ஓடுகிறது' பத்தியில் பத்தொன்பது அட்டைகள். நகர்த்தச் சொல்லிக் கை துறுதுறுத்தது. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

ஃப்ரிட்ஜில் இவர் எழுத்தில் ஒரு சீட்டு: "கிளை அலுவலகம் மூடப்பட்டது. உப்பு வேண்டுமானால் தலைமை அலுவலகத்தை அணுகவும்." கிழிக்க மனமில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

மதியம் எட்டு மாடிக் கட்டடத்தின் அட்டை தானாக 'முடிந்தது' பத்திக்கு நகர்ந்தது. அதாவது, நான் நகர்த்தவில்லை. கீழே ஒரு குறிப்பு: "எட்டு மாடியும் புதுசு. இது முழுசு. நம்பலைன்னா ஏறிப் பாரு. – முக்கால்."

மேடத்திடம் சொல்லிவிட்டு நாலே முக்காலுக்கே கிளம்பினேன். கட்டட வாசலில் டீச்சர் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தார், மடி நிறைய நோட்டுகளோடு. "லிஃப்டைப் பாக்க வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?" என்றார். இரண்டும் என்றேன். பாதி நோட்டுகளை என் கையில் கொடுத்தார்.

நாலாம் மாடியைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். என் முழங்கையில் லேசாகத் தட்டினார். ஆறில் கதவு திறந்தது. சக்கரம் வாசலைத் தாண்டியபோது சின்னச் சத்தம்கூட இல்லை.

நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டு அவர் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை. பலகையில் பதினாலு அட்டைகள் அப்படியே இருக்கும். நான் உட்கார்ந்து டீ குடித்தேன்.