மஞ்சளான மீடியம்

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, "நரம்புச் செல்லுக்கு மீடியம் மாத்திட்டு வந்துடறேன்" என்று கிளம்பினீர்கள். இருட்டிய பிறகு வந்து, "எல்லாம் ஜோரா வளருது" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

திங்களன்று ஆய்வகத்தில் அந்தச் செல்கள் வளரும் தட்டை முதலில் எடுத்தது நான்தான். முந்தின நாள் மீடியம் மாற்றியிருந்தால் அந்த ஊட்டத் திரவம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுவோ பல நாளாக மாற்றாமல் மஞ்சளாகிக் கிடந்தது. சத்தமில்லாமல் புதிதாக ஊற்றி வைத்தேன். பிறகு நீங்கள் வந்து நிறத்தைப் பார்த்துவிட்டு, "நேத்து நான் மாத்தினது வீண்போகலை பார்" என்றீர்களே! காதில் பூச்சுற்ற வேறு ஆள் கிடைக்கவில்லையா? நானும் அதே வேலைதானே பார்க்கிறேன்?

எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கருவின் தண்டுவடத்தில் வளரும் நரம்பிழையை நடுக்கோட்டிலிருந்து வரும் சமிக்ஞை இழுக்கும். தாண்டிவிட்டால் அதே நடுக்கோடு தள்ளும். திரும்பி வர விடாது. இதை நுண்ணோக்கியில் எனக்குக் காட்டியதே நீங்கள்தான்.

வரும் ஞாயிற்றுக்கும் சட்டை தேய்த்து மாட்டியிருக்கிறேன். மீடியத்தை முன்கூட்டியே நானே மாற்றிவிட்டேன். வேறு காரணம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும்
உங்கள் மனைவி