மூடிய சங்கமும் செவ்வாய்க்கிழமை ஓட்டும்

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு, அலபாமாவிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இடது முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம். அலாஸ்காக் குளிரில் நீயும் மருமகனும் குழந்தையும் கதகதப்பாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நம் சங்கம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய், போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். முடியாதவர்களைக் காரில் ஏற்றி ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப்போனதைத் தவிர நாங்கள் ஒரு பாவமும் செய்ததில்லை. அது கட்சி வேலையாம், கார் ஓட்டியவர்கள் பெயரையெல்லாம் கொடு என்று மாநில அரசு வழக்குப் போட்டது. பணம் தந்துகொண்டிருந்த அறக்கட்டளையும் பயந்துபோய்க் கையை விரித்துவிட்டது. வழக்கு விஷயத்தை மட்டும் உங்களுக்குள் பேச வேண்டாம் என்று வக்கீல் தெளிவாகத்தான் சொன்னாள். நம் ஆட்களுக்கு அது போதவில்லை. போலீஸ் கண் விழுந்தால் ஒருவரையொருவர் தெரியாததுபோல் நடந்துகொள்வது நம் கறுப்பு ஜனம் ஓட்டுரிமைக்குப் போராடிய அந்தக் காலத்துப் பழக்கமல்லவா, எல்லாரும் அதற்கே திரும்பிவிட்டார்கள். கோயிலில் என் பக்கத்தை விட்டு அசையாத வெர்டெல் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். கடையில் பின்னாலேயே போய், என்னடி, எனக்கென்ன அம்மையா போட்டிருக்கு என்று கேட்டேன். சும்மா இருடி, உன் நல்லதுக்குத்தான், நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தா உன்னையும் வழக்குல இழுத்துவிட்டுருவாங்க என்று சோளமாவுப் பையைப் பார்த்துச் சொன்னாள். என் நல்லதுக்காக எல்லாரும் விலகி விலகி, வீட்டு வாசலில் தபால்காரர் ஒருவர்தான் மிச்சம்.

போன வியாழக்கிழமை கூட்டம் கம்ப்யூட்டரில் நடந்தது. சங்கத்தை மூடினால் வழக்கும் போய்விடும், மூடலாமா வேண்டாமா என்பதுதான் பேச்சு. வேண்டாம் என்று நான் கை தூக்கினேன். வெர்டெலும் தூக்குவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தூக்கவில்லை. மூடிவிட்டார்கள். கூட்டம் முடிந்தால் வலக்கையை இடக்கைமேல் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் நிற்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பாடுவோமே, உனக்கு நினைவிருக்கும். திரையில் ஒவ்வொரு முகமாக மறைந்துபோக, நான் மட்டும் கைகளைக் குறுக்கே போட்டு என் கையையே நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு வரவில்லை.

வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள், இனி தாராளமாகப் பேசுங்கள் என்று வக்கீல் சொல்லியாயிற்று. இன்னும் யாரும் வரவில்லை. வெட்கமாக இருக்கும்போல, நானும் போகவில்லை, எனக்கும் வீம்பு உண்டே. சங்கத்திலிருந்து விலகி எங்களோடு வந்துவிடு என்றாய். விலகுவதற்குச் சங்கமே இல்லை, ஆனாலும் இப்போது வர மாட்டேன் கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. கண் தெரியாத மிஸ்டர் ஹோசியா நேற்றுப் போனில் கூப்பிட்டார். செவ்வாக்கிழமை என்னை யாரும்மா கூட்டிட்டுப் போவா, சங்கம் இல்லேன்னா எனக்கு ஓட்டும் இல்லையா என்று கேட்டார். நான் வரேன், சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லுங்க என்று சொல்லிவிட்டேன். கார் என்னுடையது, அவர் என் பக்கத்துத் தெருக்காரர். யாராவது பெயர் கேட்டால் என் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. செவ்வாய்க்கிழமை நீயும் மறக்காமல் ஓட்டுப் போடு. அன்று ராத்திரி போன் செய். சங்கத்தைப் பற்றிக் கேட்காதே, என்னம்மா சாப்பிட்டே என்று கேள். அதை என்னிடம் யாரும் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

உன் அம்மா,
எர்னஸ்டின்