பெட்டியில் போட்ட ஏழாவது சீட்டு

அன்புள்ள மகனுக்கு,

உன் தங்கையின் கையால் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கர்த்தருடைய கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே எங்களைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகவே நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் திறந்ததும் என் முதல் நினைப்பு. போன கடிதத்தில் இருமல் என்று ஒரு வரி எழுதிவிட்டு அங்கே விழுகிற குளிரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், குளிரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, இருமல் நின்றதா இல்லையா அதைச் சொல். ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, உன்னோடு அறையில் இருக்கிற பையன் நன்றாகச் சமைப்பான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் சண்டை போடாதே. அப்பா உன்னைப் பற்றிக் கேட்பதில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கேட்பதில்லைதான், ஆனாலும் நினைத்துக்கொள்ளாதே.

ஆலயம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நீ போகும்போது ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது பேர் இருந்தோம், போன மழைக்காலத்தில் பதினொன்று, அதிலும் நானும் உன் தங்கையும் மணி அடிக்கிறவர் வீட்டு ஆட்கள், எங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆர்கனுக்குள் எலி குடித்தனம் வைத்திருந்தது. வருஷக் கடைசியில் பூட்டிவிடலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது, அப்போதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூன்று சபைகள் கைகொடுக்க வந்தன. நம்மை விழுங்க வரவில்லை, அதை அவர்கள் போதகர் முதல் நாளே சொல்லிவிட்டார். நாலு சபைக்கும் அவர் ஒருவரே போதகர், வாரம் ஐந்து குடும்பம் முறை வைத்து இங்கே வந்து நம்மோடு உட்காருகிறார்கள், அவர்கள் ஆட்களும் நம் ஆட்களும் சேர்ந்து கூரையில் ஒழுகுகிற இடத்தை எல்லாம் மாற்றினார்கள், வியாழக்கிழமை சாயங்காலம் பின் அறையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது. பதிலுக்கு நம் ஆர்கன் வாத்தியார் அவர்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார், அங்கே மூன்று சபையிலும் ஆர்கன் இருக்கிறதாம், தொட ஆள் இல்லையாம். முதல் ஞாயிறு நம் ஆட்கள் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்த மாதிரி ஆளுக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், வந்த பிள்ளைகள் எங்கே உட்காருவது என்று முழித்தன. நம் சபை நர்ஸம்மாதான் கையைத் தட்டி, இங்க வா, நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன் என்றாள். அந்தப் பக்கத்துச் சபைகளோடு கைகோப்போம் என்று நீ மூன்று வருஷத்துக்கு முன்னால் கமிட்டியில் எழுந்து சொல்லி, அப்பாவோடு முட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாயே, அதைத்தான் இன்று எல்லோரும் செய்கிறார்கள். அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அப்பா மணிக்கயிற்றைப் புதிதாக வாங்கிக் கட்டியிருக்கிறார்.

ஆனால் கண் பட்ட மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் வாசலில் ஒரு ஜெபப் பெட்டி வைத்தார்கள், வேண்டுதலைப் பெயர் போடாமல் எழுதிப் போட்டால் உன் தங்கை முன்னால் நின்று வாசிப்பாள், எல்லோரும் ஆமென் சொல்வார்கள். மூன்று வாரம் முன்னால் யாரோ ஒரு சீட்டு போட்டார்கள், எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை, அந்தப் பிள்ளை ஒருநாள் வந்து நின்றால் கதவு திறக்க வேண்டும் என்று. நம் சபையில் எந்த வீட்டில்தான் அப்படி ஒரு பிள்ளை இல்லை. வந்த பெண்கள் நல்ல மனசோடு வீடு வீடாகப் போய் ஆறுதல் சொல்லப் பார்த்தார்கள், அது வினையாகிவிட்டது. நர்ஸம்மா மகன் இதே ஊரில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்காததை யாரோ வெளியாட்களிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். செயலாளர் பூட்டுக்கடை மாமா தன் மகளைப் பற்றித் தன் சம்சாரமே எழுதிவிட்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியில் ஆர்கன் வாத்தியார்தான் எழுதியது என்று முடிவு செய்திருக்கிறார்கள், எழுத்து சாய்ந்து இருந்ததாம், உன் தங்கையே பார்த்திருக்கிறாள், பாட்டு நம்பர் போர்டில் அவர் எழுதுவதும் சாய்ந்த எழுத்துத்தானே. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது, நம்ம வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பாக்கத்தான் இவங்க வந்தாங்களா, போதும், திரும்ப அனுப்பிடுவோம் என்கிறார் மாமா. அனுப்பினால் வருஷக் கடைசியில் ஆலயத்துக்குப் பூட்டு, அவர் கடையில் ஒரு பூட்டு விற்றுப் போகும், அவ்வளவுதான் லாபம். ஆலயம் கொடுத்த இந்த வீட்டையும் நாம் காலி பண்ண வேண்டும், அதைவிட அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நீ நர்ஸம்மாவுக்கு நாலு வரி எழுது, உங்கள் இரண்டு பேரையும் முதலில் கையில் வாங்கியவள் அவள்தான், நீ சொன்னால் கேட்பாள்.

அண்ணா, அம்மா சொன்னது இதுவரைக்கும்தான். முடிவில் போட வேண்டிய ஆசீர்வாதத்தையும் சொல்லியிருக்கிறாள், காலையில் எழுதி உறையை ஒட்டுகிறேன் என்று காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன், இப்போது அப்பா ஒருமுறை புரண்டு படுத்தார், அந்தச் சத்தத்துக்கே கை நின்றுவிட்டது.

அந்தச் சீட்டை எழுதியது நான்.

ஆர்கன் வாத்தியார் இல்லை, மாமாவின் வீட்டு அத்தை இல்லை, நான்தான். அதுவும் அது ஒன்று மட்டும் இல்லை, ஏழு எழுதினேன். முதல் ஞாயிறு பெட்டியைத் திறந்தபோது ஒன்பது சீட்டு இருந்தது, ஒன்பதும் வந்தவர்கள் எழுதியவை, எல்லாம் நமக்காக எழுதியவை. நம் பக்கத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. நம்ம கஷ்டத்தை ஏன் ஊருக்குத் தமுக்கு அடிக்கணும் என்று நம் ஆட்கள் பெட்டிப் பக்கமே போகவில்லை. வந்த அக்கா ஒருத்தி அப்பாவிடம் மெதுவாக, இங்க பெரியவங்களுக்கு எழுத வராதோ என்று கேட்டாள். அவள் தப்பாகக் கேட்கவில்லை, ஆனால் அப்பாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் மூன்று சீட்டு எழுதினேன், ஒன்று இடது கையால், ஒன்று பெரிய பெரிய எழுத்தாக, ஒன்று சாய்த்து. முழங்கால் வலிக்கு, தூக்கம் வருவதற்கு, ஒரு வேலை கிடைப்பதற்கு. வந்தவர்களில் ஒரு டாக்டர் இருக்கிறார், ஆராதனை முடிந்ததும் முழங்கால் வலி யாருக்கு, பார்க்கலாமா என்று கேட்டார், ஆறு பேர் வேட்டியையும் சேலையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் பொய்யாக எழுதினேன், ஆறு பேருக்கு நிஜமாகவே வலித்தது. நர்ஸம்மாவே, மத்தவங்களுக்கு ஊசி போட்டே காலம் போயிடுச்சு, எனக்கு ஒருத்தர் மருந்து தடவி இன்னைக்குத்தான் பாக்கிறேன் என்று சிரித்தாள். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த வாரத்தில் இன்னும் மூன்று. மெல்ல நம் ஆட்களே எழுதிப் போட ஆரம்பித்துவிட்டார்கள், நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அப்போது நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏழாவது சீட்டை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. அன்று வியாழக்கிழமை, பின் அறையில் பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், போதகர் அப்பாவிடம், இந்த யோசனையை இங்கே யாரோ ஒரு பையன் எப்பவோ சொன்னானாமே, யார் அது என்று கேட்டார். அப்பா கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே, அவன் இப்ப இங்க இல்லை என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. அவ்வளவுதான், எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, உட்கார்ந்து எழுதிவிட்டேன். பொய்யாக எழுதிய ஆறுக்கும் நல்லதே நடந்தது. நிஜமாக எழுதிய ஒன்று மூன்று வீட்டை உடைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் செய்தேன். மாமா வீட்டுக்கே வந்து, வாசிச்சவ நீதானே, எழுத்து எப்படி இருந்துச்சு என்று அப்பா எதிரில் கேட்டார். சீட்டை நான் ஏற்கெனவே கிழித்துப் போட்டிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெரியவங்க எழுத்து மாதிரி சாய்ஞ்சு இருந்துச்சு மாமா என்று சொல்லிவிட்டேன். என் எழுத்து தெரியக் கூடாது என்று நானேதான் சாய்த்து எழுதினேன், அதனால் அது பொய்கூட இல்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் மாமா, வாத்தியார் என்று சொல்லிவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆலய வாசலில் எல்லோரும் பார்க்க, பெத்து வளத்திருந்தாத் தெரியும், அடுத்தவன் பிள்ளைக் கதை உமக்கு எதுக்கு என்று அவரைக் கேட்டுவிட்டார்கள். அவர் திரும்பி உள்ளே போனார் அண்ணா. ஆர்கன் மூடியைச் சாத்தி, துணி போட்டு மூடி, சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், அந்தப் பிள்ளைங்களுக்கு மூணாவது பாட்டில் இடது கை இன்னும் வரலை, அவங்க கிட்டச் சொல்லிடு என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரமாகப் பாட்டு வெறும் தொண்டையில் நடக்கிறது. இன்று சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல, சாய்ந்த எழுத்து, உன் தங்கையே பார்த்திருக்கிறாள் என்பதை என் கையாலேயே எழுதினேன், மேலே போய்ப் பார், அந்த இடத்தில் மை கொஞ்சம் அழுத்தமாக இருக்கும்.

நாளைக்குக் கமிட்டிக்கு முன்னால் எழுந்து சொல்லப் போகிறேன். இதை உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். உனக்கு எழுதிவிட்டால் காலையில் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். விடிந்ததும் மருந்துக்கடை ஓரத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே வாத்தியார் வீட்டுக்குப் போவேன், முதலில் அவரிடம், பிறகுதான் சபையில். அவர் கதவைத் திறக்கவில்லை என்றால் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். நர்ஸம்மா வீடு அடுத்த சந்துதான், அங்கேயும் சொல்லிவிட்டு வருவேன். அதற்குப் பிறகும் வந்தவர்களைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று மாமா சொன்னால் என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும், நானாக இருக்கக் கூடாது.

சீட்டு யாருடையது என்று சொன்னால் போதாது, யாரைப் பற்றியது என்றும் கேட்பார்கள். அதுதான் பயம். அப்பா அடிப்பார் என்று இல்லை, அவர் என்னைத் தொட்டதுகூட இல்லை. அந்த ஞாயிறு அதை நான் வாசித்து முடித்தபோது யாரும் ஆமென் சொல்லவில்லை, எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் மணிக்கயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் ஆமென் என்றது. அது அப்பா. யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் இல்லை. அது உனக்காக எழுதிய சீட்டு என்று தெரிந்ததும் அந்த ஆமெனை அப்பா திரும்ப வாங்கிக்கொண்டுவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு உன் பெயரை அந்த ஆலயத்துக்குள் நான் சத்தமாகச் சொல்லப் போகிறேன், மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக. தப்பாக இருந்தால் மன்னித்துவிடு.

அம்மா எழுதச் சொன்ன ஆசீர்வாதம் இது: நீ போகிற இடமெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னால் போகட்டும், உன் தட்டு நிறைந்திருக்கட்டும், உன் தூக்கம் நல்ல தூக்கமாக இருக்கட்டும், கோபம் வந்தால் பத்து எண்ணு, நம் வீட்டு ஆண்களுக்கு ஒன்பதிலேயே வாய் திறந்துவிடும்.

நான் நினைவூட்ட ஒன்று இருக்கிறது. உன் பதிலை அம்மா என்னைத்தான் வாசிக்கச் சொல்வாள், அதனால் இந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதிவிடாதே என்று எழுத வந்தேன். வேண்டாம். எழுது. மறைக்காமல் எழுது. உறையின் மேல் அம்மா பெயர் போடாதே, அப்பா பெயரைப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மாவும், அவள் சொல்லாததையும் சேர்த்து எழுதிய உன் தங்கையும்