நீ எழுதிய பெயரை நான் அடித்தேன்

இன்று காலை சிவாஜிநகர் துணிக்கடையில் இரண்டு தலையணை உறைகள் வாங்கினேன். தண்ணீர் படாத காடாத்துணியின் கஞ்சி வாசனை எழுந்தது. இதே கடையில்தான், தோழி, நீ ஒருமுறை உறைக்குள் முகத்தை நுழைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "பண்டிதரம்மா, பேஷண்டுக்கு முன்னாடி நமக்கே தூக்கம் வந்துரும் போலக்கீது" என்றாய். கடைக்காரர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

வெவ்வேறு மருத்துவமனைகளில் பணிபுரிந்த நம்மை ஒன்று சேர்த்தது மண்டலச் செவிலியர் சங்கம். மாதத்தின் முதல் ஞாயிறன்று மர்பி டவுனில் ஒரு வாடகைக் கூடத்தில் கூடுவோம். முறைப்பட்டியலில் பெயருள்ளவர் தம் வார்டில் கைகண்ட செய்முறை ஒன்றைக் காட்ட வேண்டும். நோயாளியாக ஒருவர் பெஞ்சில் படுக்க வேண்டும். பெரும்பாலும் நீதான் படுப்பாய். "தங்கவயல்ல எங்கப்பா பூமிக்கடியில படுத்து வேல பாத்தாரு. எனக்குப் பெஞ்சாவது கெடச்சுதே!" என்பாய்.

நானோ கேட்பவளாக மட்டுமே வந்தேன். துணைச் செவிலியர் பயிற்சிக்கு மேல் எனக்குப் படிப்பில்லை. பழைய பாடநூல்களை அகராதியின் துணையோடு கற்றும், பல்லாண்டுகள் நோயாளிகளைப் புரட்டிப் பழகியும், படுக்கைப்புண் வராமல் காக்கும் முறையை எனக்கு நானே வகுத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். முழுப் பக்கமாகத் திருப்பாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதியளவே சாய்த்தல். கெண்டைக்காலைத் தாங்கிக் குதிகாலை அந்தரத்தில் விடுதல். இடுப்பின்கீழ் உள்ளங்கையை நுழைத்து எலும்பு தட்டுகிறதா என்று அறிதல். என் பொறுப்பில் படுத்தவர் எவருக்கும் புண் வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் இருந்த பெருமிதம், சொல்லிக்கொடுப்பதில் எனக்கு இல்லை.

ஒரு ஞாயிறன்று நீ என்னைக் கேளாமலே முறைப்பட்டியலில் என் பெயரை எழுதினாய்.

"இந்தப் பட்டதாரிகள் என் முறையைத் தம் கட்டுரையில் ஏற்றிக்கொள்வார்கள்" என்றேன்.

"ஏத்திக்கட்டுமே. புண்ணு வராம போச்சா இல்லியா, அதப் பாரு."

நான் பேனாவை எடுத்து, கோடு நேராக வர வேண்டுமென்று அட்டையொன்றை வைத்து, என் பெயரை அடித்தேன். நீ கோபிக்கவில்லை. "கோடு கூட எவ்ளோ நேரா கீது!" என்று மட்டும் சொன்னாய்.

மறு ஆண்டு பக்கவாதம் உன்னைச் சாய்த்தது. உன் மகன் வீட்டருகே, அத்திபெலேயில் ஒரு சிறு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வெளியூரிலிருந்த நான் மூன்று வாரம் கழித்தே வந்தேன். நம் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்பவள்தான் அந்த வார்டின் செவிலி. கற்றபடியே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தவறாமல் உன்னை முழுப் பக்கமாகத் திருப்பியிருந்தாள். உடலின் பாரமெல்லாம் இடுப்பெலும்பின்மேல். போர்வையை விலக்கினேன். புண்ணைக் கண்டேன்.

"டைமுக்குத் திருப்பிட்டுதான் இருக்கேன், சிஸ்டர்" என்றாள் அவள், அழுகையை அடக்கியபடி. "ஒரு தடவ உங்ககிட்ட நோட்ஸ் கேட்டேனே, ஞாபகமிருக்கா?"

இருந்தது. நான் கொடுக்கவில்லை.

கோணிய வாயால் நீ மெல்லச் சொன்னாய்: "பண்டிதரம்மா... இப்பவாச்சும் கிளாஸ் எடு. பொம்ம ரெடியா படுத்துனு கீது."

எடுத்தேன். உன் இடுப்பின்கீழ் முதலில் என் கையை நுழைத்தேன். பிறகு அவள் கையைப் பிடித்து நுழைத்தேன். அவள் ஒரு நாளில் கற்றுக்கொண்டாள். ஒரே நாள்தான் பிடித்தது. ஆனால் புண் அதற்குள் ஆழ்ந்துவிட்டிருந்தது. அதன் வழியே ஏறிய காய்ச்சல், நீ போகும்வரை இறங்கவே இல்லை.

இன்று கூடத்தில் முறைப்பட்டியலில் இருந்தது அவள் பெயர். புது உறையிட்ட தலையணைகளை அவளிடம் கொடுத்துவிட்டு, உன் பெஞ்சில் நான் படுத்தேன். முதுகு பலகையில் பட்டதும், எத்தனை ஞாயிறுகள் நீ இந்தக் கடினத்தின்மேல் சிரித்துக்கொண்டு கிடந்தாய் என்று எண்ணினேன். அவள் ஒரு தலையணையை என் முதுகுக்கும் மற்றதைக் கெண்டைக்காலுக்கும் கொடுத்து, என்னைப் பாதியளவே சாய்த்தாள். என் குறிப்பேட்டின் நகல்கள் வரிசை வரிசையாகக் கைமாறின. பட்டதாரிகளும் குனிந்து, ஒவ்வொருவராக என் இடுப்பின்கீழ்க் கை நுழைத்தார்கள்.

"எலும்பு தட்டுதா?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இல்ல, சிஸ்டர்."

அவர்கள் கைகளில் தட்டவில்லை. என் உள்ளங்கையில் மட்டும், தோழி, உன் இடுப்பெலும்பு அன்று தட்டியபடியே இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது.