இலைக் குவியலுக்குள் உன் தம்பி

என் கண்ணான மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் கை கால் நோகாமல் நன்றாக இருக்கிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே படிப்பதற்குள் நீ பதறிப்போவாய். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று கேட்பாய், போனை எடுத்தாலே சின்னவன் மடியில் ஏறிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான், இது அவனுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய சமாசாரம். அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார், இன்றைக்கே படித்துவிடு.

இலை கொட்டும் காலம் வந்துவிட்டால் உன் தம்பிகளை வீட்டில் கட்டி வைக்க முடியுமா, பெரிய பூங்காவுக்குப் போயே ஆகவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஒற்றைக் காலில் நின்றார்கள். எனக்கோ ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சரி தொலையட்டும் என்று கிளம்பினோம். போய் இறங்கினதும் பெரியவன், மண்டை நுழைகிறதா பார்க்கலாம் என்று வாசல் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டான், எட்டு வயதுக் கழுதை! அப்பா பையை என் கையில் திணித்துவிட்டு, காவல்காரரிடம் சோப்பு வாங்கி அவன் காதில் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினால் சின்னவனைக் காணோம்.

அப்பாவால் பெரியவன் தலையை விட்டுவிட்டு வர முடியவில்லை, நான்தான் உள்ளே ஓடினேன். தூரத்தில் மரங்களுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு இலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள், ஒரு லாரி வந்து இரும்புக் கையால் ஒவ்வொரு குவியலாக அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. இலையைக் கண்டால் உள்ளே புகுந்துகொள்வானே என்று நினைத்ததும் விழுந்தடித்து ஓடினேன். லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து ஏம்மா, சாகணும்னு வந்தியா என்று கத்தினார், பிள்ளையைக் காணோம் என்றதும் முகம் வெளுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, ஐயோ, ரெண்டு குவியல் ஏத்திட்டேனேம்மா என்றார். அவர் மேலே ஏறி வெறுங்கையால் இலையைக் கிளறினார், நடக்க வந்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், தவளை கத்துகிற மாதிரிதான் வந்தது. எந்தக் குவியலும் அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீ வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பின அன்று இரண்டு பேரையும் உட்காரவைத்து, தொலைஞ்சு போனா நின்ன இடத்துலயே இருக்கணும், யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, அம்மா அப்பா அக்கா குரல் கேட்டா மட்டும் வரணும் என்று சொல்லிக்கொடுத்தாயே. உன்னைக் குறை சொல்லவில்லை, நல்லதைத்தான் சொன்னாய், அம்மா குரல்தான் அம்மா குரலாக இல்லை. எல்லோரையும் கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று கும்பிட்டேன். காலையில் அவர்களை எழுப்ப நீ பேசி அனுப்பின பதிவை முழுச் சத்தத்தில் போட்டுப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். எந்திரிங்கடா வாலுங்களா, அக்கா வந்துட்டேன், யாரு முதல்ல ஓடி வர்றது என்று உன் குரல் கேட்டதுதான் தாமதம், லாரி அடுத்து அள்ள இருந்த குவியல் அசைந்தது, தலையெல்லாம் இலையோடு உன் தம்பி எழுந்து வந்தான்.

நான் கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறேன், அவன் என்னைத் தாண்டி ஓடினான். லாரிக்குப் பின்னால் பார்த்தான், மரத்துக்குப் பின்னால் பார்த்தான், அக்கா எங்க, அக்கா எங்க என்று கேட்டான். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதுவிட்டேன் கண்ணு. பெரியவன் சோப்புக் காதோடு வந்து ஏம்மா அழுவுற, நான்தான் வெளிய வந்துட்டேனே என்கிறான்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அன்றிலிருந்து சின்னவன் வீட்டிலும் ஒளிந்துகொள்கிறான். முதலில் கட்டிலுக்கு அடியில், அப்புறம் துணி அலமாரியில், விளையாட்டு என்றுதான் நினைத்தோம். நேற்று துவைக்கிற மிஷினுக்குள் சுருண்டு கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். என் குரல் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, தொண்டை கிழியக் கூப்பிட்டேன், வரவில்லை. அப்பாதான் கண்டுபிடித்து வெளியே இழுத்தார். முதுகில் ஒரு போடு போட்டு எதுக்குடா இப்படிச் செய்யறே என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அக்கா வந்திருப்பா, நீ கெடுத்துட்டே என்று என் மேலேயே கோபப்பட்டான்.

உனக்கு வேலை இருக்கிறது, நினைத்ததும் ஓடிவர முடியாது, எனக்குத் தெரியும், வா என்று சொல்லவில்லை. சாயங்காலம் போனில் அவன் முகத்தைப் பார்த்துப் பேசு. ஒளிந்தால் அக்கா வரமாட்டாள் என்று உன் வாயால் சொல், என்றைக்கு வருவாய் என்பதையும் சொல், அவன் அழுவானே என்று நாளைக் குறைத்துச் சொல்லிவிடாதே. அழுதால் அழட்டும், நான் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

நீ எல்லா நலமும் பெற்று நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ராத்திரி தனியாக நடந்து வராதே. இன்னொன்றையும் மறந்துவிடாதே, நிஜமாகவே வந்து இந்த வாசலில் நிற்கிற வரைக்கும், அக்கா வந்துட்டேன் என்று மட்டும் எந்தப் பதிவிலும் பேசி அனுப்பாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா